சீதபேதி தொடாத சிப்பாய்!

அவன் குடலில் இருந்த கிருமி, இன்று மருந்துக் குப்பியில்!

1917-ம் ஆண்டு. முதல் உலகப் போர் மும்முரமாக நடந்து கொண்டிருந்தது.

கருங்கடல் ஓரத்தில் தோப்ருஜா என்று ஒரு வட்டாரம். இப்போது அதில் ஒரு பகுதி ருமேனியாவிலும், இன்னொரு பகுதி பல்கேரியாவிலும் இருக்கிறது. ஜெர்மன் சிப்பாய்கள் அங்கே போரிட்டார்கள். குண்டுக்குத் தப்பியவர்கள் சீதபேதிக்குத் தப்பவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள்.

ஆனால், ஒரு சிப்பாயை மட்டும் நோய் தொடவில்லை. அவனும் அதே இடத்தில்தான் இருந்தான். அவனைச் சுற்றி எல்லோருக்கும் பேதி. அவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை!

"அவன் அதிர்ஷ்டக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் ஒருவர் அப்படிப் போகவில்லை. அவர் பெயர் ஆல்பிரட் நிஸ்லே. ஜெர்மனியில் பிரைபர்க் என்ற ஊரில் டாக்டர். கிருமி ஆராய்ச்சி அவருடைய தொழில்.

அந்தச் சிப்பாயின் மலத்தை வாங்கி அவர் ஆராய்ந்தார்.

சீ, இதைப் போய் ஆராய்வார்களா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்த ஆராய்ச்சியில் கிடைத்த கிருமியை இன்றும் ஜெர்மனியில் மருந்தாக விற்கிறார்கள். குடலில் புண் வந்து ரத்தம் போகும் நோயாளிகள் அதைச் சாப்பிடுகிறார்கள்!

கிருமிக்குக் கிருமி சண்டை

அந்தச் சிப்பாயைப் பற்றித் தெரியும் முன்பே நிஸ்லேக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

நம் எல்லோருடைய குடலிலும் "கோலி" என்று ஒரு கிருமி உண்டு. 1885-ல் எஷரிக் என்ற குழந்தை டாக்டர், பச்சைக் குழந்தைகளின் மலத்தில் அதைக் கண்டுபிடித்தார். அதனால் அவர் பெயரையே வைத்து "எஷரிக்கியா கோலி" என்று அழைக்கிறார்கள். சுருக்கமாக ஈ.கோலி.

நிஸ்லே என்ன செய்தார் தெரியுமா? பல பேருடைய குடலிலிருந்து கோலிக் கிருமியை எடுத்தார். அதோடு டைபாய்டு கிருமியைச் சேர்த்து வளர்த்தார். எது ஜெயிக்கிறது என்று பார்த்தார்.

ஒருவருடைய கோலி, டைபாய்டு கிருமியிடம் தோற்றது. இன்னொருவருடைய கோலியோ டைபாய்டு கிருமியைத் தலையெடுக்க விடாமல் அமுக்கியது! எல்லாம் பார்க்க ஒரே மாதிரிக் கிருமிதான். ஆனால் ஒன்று பூனை, இன்னொன்று புலி!

பேதி தொடாத சிப்பாயைப் பற்றித் தெரிந்ததும், அவன் குடலில் ஒரு புலி இருக்க வேண்டும் என்று நிஸ்லே நினைத்தார். அவர் நினைத்தது சரியாகப் போயிற்று.

அந்தக் கிருமியை வளர்த்து, சிறு கூடுகளில் அடைத்து, "மியூட்டாபுளோர்" என்று பெயரிட்டு மருந்தாக்கினார். 1917-ல் நடந்தது இது. பெனிசிலினை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டுபிடித்தது 1928-ல். அதற்கு 11 வருஷம் முன்பே, கிருமியை வைத்துக் கிருமியை விரட்டும் மருந்து வந்துவிட்டது.

அந்தக் கிருமியின் பெயர் "ஈ.கோலி நிஸ்லே 1917". டாக்டரின் பெயர் இருக்கிறது. வருஷமும் இருக்கிறது. கிருமிக்குச் சொந்தக்காரனான சிப்பாயின் பெயரைத்தான் காணோம்!

வயிற்றுக்குள் ஒரு உலகம்

குடலில் இருப்பது ஒரு கிருமி, இரண்டு கிருமி அல்ல. மனிதன் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி கிருமிகள் இருப்பதாக 2016-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். அதில் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் சுமார் 200 கிராம்!

தாய் வயிற்றிலிருந்து வெளியே வரும்போதே இந்தக் குடியேற்றம் தொடங்குகிறது. பிறகு தாய்ப்பால், சோறு, தண்ணீர், மண், பக்கத்து மனிதர்கள் என்று எல்லா வழியாகவும் ஆட்கள் வந்து சேருகிறார்கள்.

இவை சும்மா குடியிருப்பதில்லை. வாடகை கொடுக்கின்றன.

நாம் சாப்பிடும் கீரை, காய்கறி, பயறு இவற்றில் நார் இருக்கிறது. அதை நம் குடலால் ஜீரணிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. மாவு புளிப்பது போலத்தான். அப்போது "பியூட்டிரிக்" என்ற ஒரு அமிலம் உண்டாகிறது. கெட்டுப் போன வெண்ணெயில் ஒரு வாடை வருகிறதே, அதற்குக் காரணம் இதே அமிலம்தான்.

வாடையைப் பார்த்து இதை வெறுக்கக் கூடாது. பெருங்குடலின் உட்சுவர் உயிர் வாழ்வதே பெரும்பாலும் இதை நம்பித்தான். உடம்பின் மற்றப் பகுதிகள் ரத்தத்தில் வரும் சர்க்கரையை எரித்து வேலை செய்கின்றன. பெருங்குடல் சுவரோ கிருமி சமைத்துப் போட்டதைச் சாப்பிடுகிறது!

உட்சுவருக்கு மேலே வழவழ என்று ஒரு சளிப் படலம் உண்டு. கிருமிகள் அந்தப் பக்கம். உடம்பு இந்தப் பக்கம். அந்தப் படலம்தான் வேலி. வேலி நன்றாக இருக்கிற வரையில் சண்டை இல்லை.

மூலம் அல்ல!

வேலி பழுதானால்?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகளுக்கு 24 வயது. மலத்தோடு ரத்தம் போகிறது. சளியும் போகிறது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை ஓட வேண்டியிருக்கிறது. ராத்திரியிலும் தூக்கம் இல்லை. பஸ்ஸில் ஏறவே பயம்.

அவள் யாரிடமும் சொல்வதில்லை. வெட்கம். கடைசியில் அம்மாவிடம் சொல்கிறாள். "உடம்புச் சூடு, மோர் குடி" என்கிறாள் அம்மா. பிறகு "மூலமாக இருக்கும்" என்கிறார்கள். பிறகு "சீதபேதி" என்று மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். சில நாள் நிற்கிறது. மறுபடி வருகிறது. இப்படியே வருஷம் ஓடுகிறது. பெண் இளைத்துப் போகிறாள். முகம் வெளுத்துப் போகிறது.

இது மூலமும் அல்ல, சீதபேதியும் அல்ல. "அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்" என்ற நோய். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகிவிடும். இரைப்பையில் வருவதை "அல்சர்" என்கிறோமே, அது வேறு, இது வேறு. லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர் 1859-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதற்கு ஒரு பங்காளி நோய் உண்டு. அதன் பெயர் "கிரோன்". நியூயார்க்கில் மவுன்ட் சினாய் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரில் கிரோனும், அவருடன் வேலை செய்த இரண்டு பேரும் 1932-ல் இதை விவரித்தார்கள். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வருகிறது. நம் நாட்டில் இதில் இன்னொரு தொல்லை: குடலில் வரும் காசநோயும் பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும். டாக்டர்களே திணறுவது உண்டு.

ஏன் வருகிறது? பரம்பரை ஒரு பங்கு. வாழும் முறை ஒரு பங்கு. ஆனால் புண்ணை உண்டாக்குவது வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. நம் உடம்பின் காவல் படைதான்! நோயை எதிர்க்க வேண்டிய படை, குடலில் காலம் காலமாகக் குடியிருக்கும் கிருமிகளை எதிரி என்று நினைத்துச் சுடுகிறது. அந்தச் சண்டையில் குடல் சுவர் புண்ணாகிறது.

இந்த நோயாளிகளின் குடலைப் பார்த்தால், கிருமிகளின் வகை குறைந்து போயிருக்கிறது. பியூட்டிரிக் அமிலம் தயாரிக்கும் நல்ல கிருமிகள் அருகிவிடுகின்றன. கிருமி குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் கிருமி குறைந்ததா? முட்டை முதலா, கோழி முதலா என்ற கதைதான். விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.

மருந்து இருக்கிறது. மெசாலசின் மாத்திரை, ஸ்டீராய்டு, காவல் படையை அடக்கும் ஊசி எல்லாம் உண்டு. எதற்கும் கட்டுப்படாவிட்டால் பெருங்குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். மருந்து சாப்பிட்டால் புண் ஆறும். ஆனால் நோய் அடங்குமே தவிர, அடியோடு போகாது. எப்போது மறுபடி கிளம்பும் என்று சொல்ல முடியாது.

அடங்கிய நோய் மறுபடி கிளம்பாமல் இருக்க வழி உண்டா? இந்த இடத்தில்தான் அந்தச் சிப்பாயின் கிருமி வருகிறது.

327 பேரும் ஒரு வருஷமும்

நிஸ்லே 1965-ல் இறந்தார். கிருமியை எல்லோரும் கிட்டத்தட்ட மறந்துவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் காலம் அது. கிருமியை மருந்தாகக் கொடுக்கிறேன் என்றால் யார் கேட்பார்கள்?

ஆனால் மருந்து கடையில் இருந்துகொண்டே இருந்தது. 1990-களில் சில டாக்டர்கள் அதைப் பரீட்சை செய்து பார்க்கத் துணிந்தார்கள். 1999-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர்கள் 116 பேரிடம் பார்த்தார்கள். 2004-ல் ஜெர்மன் டாக்டர் கிருய்ஸ் தலைமையில் நடந்த பெரிய பரீட்சையின் முடிவு வெளியாயிற்று.

மொத்தம் 327 நோயாளிகள். எல்லோருக்கும் நோய் அடங்கி இருந்தது. அவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு மெசாலசின் மாத்திரை. இன்னொரு கட்சிக்குச் சிப்பாயின் கிருமி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது! தெரிந்தால் மனசு ஏமாற்றிவிடும் அல்லவா?

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேருக்கு நோய் திரும்பியது. கிருமி சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 36 பேருக்குத் திரும்பியது. ஏறக்குறைய சமம்!

ஐம்பது வருஷத்துக்கு மேல் மூலையில் கிடந்த மருந்து, பெயர் பெற்ற மாத்திரைக்குச் சமமாக நின்றது. ஐரோப்பாவின் குடல் டாக்டர்கள் இப்போது தங்கள் வழிகாட்டியில் இதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? குடலில் போய் இடம் பிடித்துக் கொள்கிறது. கெட்ட கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தை முந்திக்கொண்டு எடுத்துக் கொள்கிறது. எதிரிக் கிருமியைக் கொல்லும் பொருளைத் தானே தயாரிக்கிறது. குடல் சுவரில் இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள சந்தை அடைக்கவும் உதவுகிறது.

இதில் குறையே இல்லை என்று நான் எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். சிப்பாயின் கிருமி நோயை அடக்கி வைக்கத்தான் உதவும். ரத்தம் கொட்டிக் கொண்டிருக்கும்போது இதை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்றும் உண்டு. சில கோலிக் கிருமிகள், செல்லின் மரபணுவைச் சேதப்படுத்தும் ஒரு பொருளைத் தயாரிக்கின்றன என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதைத் தயாரிக்கும் சக்தி நிஸ்லே கிருமிக்கும் இருக்கிறது! அதனால் கெடுதல் வருமா என்ற ஆராய்ச்சி நடந்து வருகிறது. புலியை வீட்டில் வளர்ப்பவன் அதன் நகத்தையும் பார்த்துக் கொள்ள வேண்டும் அல்லவா?

ஒரு கிருமி போதுமா?

38 லட்சம் கோடி பேர் இருக்கிற ஊரில், ஒரே ஒரு வகை ஆளைக் குடியேற்றினால் ஊர் திருந்திவிடுமா? சிலர் இப்படிக் கேட்டார்கள். "ஊரையே கொண்டு வந்து குடியேற்றினால் என்ன?" என்று நினைத்தார்கள்.

அதாவது, ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை எடுத்து, கரைத்து, வடிகட்டி, நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது!

அருவருப்பாக இருக்கிறதா? சீனாவில் 4-ம் நூற்றாண்டிலேயே இந்த வைத்தியம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கோ ஹோங் என்ற வைத்தியர் எழுதினார். கடுமையான பேதிக்கு மலத்தைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதற்கு "மஞ்சள் ரசம்" என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள்.

1958-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் பென் ஐஸ்மன் என்ற சர்ஜன் இருந்தார். ஆன்டிபயாட்டிக் மருந்தால் குடலில் நல்ல கிருமியெல்லாம் செத்து, கொடிய பேதி கண்ட 4 நோயாளிகளுக்கு இந்த மலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்தார். சாகும் நிலையில் இருந்தவர்கள் பிழைத்து எழுந்தார்கள்.

பல வருஷம் கழித்து, 2013-ல் ஹாலந்து டாக்டர்கள் இதே வகைப் பேதிக்கு முறையாகப் பரீட்சை நடத்தினார்கள். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணம்! ஆன்டிபயாட்டிக் மட்டும் சாப்பிட்டவர்களில் 13 பேரில் 4 பேருக்குத்தான் குணம்.

உடனே எல்லோருடைய கண்ணும் பெருங்குடல் புண் பக்கம் திரும்பியது. ஒரு டாக்டர், தமக்கே அந்த நோய் வந்து, தமக்குத் தாமே மல எனிமா கொடுத்துக் குணமடைந்ததாக 1989-லேயே "லான்செட்" என்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதியிருந்தார். ஒருவர் அனுபவம் போதாது. பரீட்சை வேண்டும்.

2015-ல் கனடாவில், ஹாமில்டன் நகரத்தில் 75 நோயாளிகளிடம் பரீட்சை நடந்தது. பாதிப் பேருக்கு மலக் கரைசல். பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். வாரம் ஒரு எனிமா, ஆறு வாரம். மலக் கரைசல் எடுத்த 38 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது. தண்ணீர் எடுத்த 37 பேரில் 2 பேருக்கு அடங்கியது.

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். மலம் கொடுத்தவர்கள் சில பேர்தான். நோய் அடங்கிய அந்த 9 பேரில் 7 பேருக்குக் கிடைத்தது ஒரே ஆளுடைய மலம்! அவருக்கு "பி" என்று அடையாளம் வைத்திருந்தார்கள். மற்றவர்களும் ஆரோக்கியமானவர்களே. ஆனால் "பி"யின் குடலில் இருந்த ஏதோ ஒன்று அவர்களிடம் இல்லை. 98 வருஷம் முன்னால் தோப்ருஜாவில் பேதி தொடாத சிப்பாய், இங்கே "பி"!

அதே வருஷம் ஹாலந்தில் நடந்த இன்னொரு பரீட்சையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு மேலிருந்து செலுத்தினார்கள். இரண்டே தடவைதான் கொடுத்தார்கள். அது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

2017-ல் ஆஸ்திரேலியாவில் பல பேருடைய மலத்தைக் கலந்து, வாரம் 5 நாள், 8 வாரம் கொடுத்தார்கள். 41 பேரில் 11 பேருக்குப் பலன். மறு கட்சியில் 40 பேரில் 3 பேர். 2019-ல் அதே நாட்டில், அடிலெய்டில், ஒரு தந்திரம் செய்தார்கள். குடலின் நல்ல கிருமிகளில் பல, காற்றுப் பட்டாலே செத்துவிடும். அதனால் காற்றே படாமல் கரைசலைத் தயாரித்தார்கள். மூன்றே தடவை கொடுத்தார்கள். 38 பேரில் 12 பேருக்கு நோய் அடங்கியது. மறு கட்சியில் 35 பேரில் 3 பேர்.

மூன்றில் ஒருவர் அல்லது நான்கில் ஒருவர் என்றுதான் கணக்கு நிற்கிறது. எல்லோருக்கும் இல்லை. ஆனால் மருந்து கேட்காமல், ஆபரேஷனை நினைத்து நடுங்கிக் கொண்டிருப்பவருக்கு, அந்த மூன்றில் ஒன்று சின்ன விஷயமா?

கிராமத்து மனிதர் கொடுத்த தானம்

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பஞ்சாபில் லூதியானாவில் உள்ள தயானந்த் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், நோய் அடங்கிய 61 பேரை எடுத்துக் கொண்டார்கள். பாதிப் பேருக்கு 8 வாரத்துக்கு ஒரு தடவை மலக் கரைசல். ஒரு வருஷம் வரை கொடுத்தார்கள். பிறகு குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கரைசல் எடுத்த 31 பேரில் 18 பேருக்குக் குடல் ஆறியிருந்தது. எடுக்காத 30 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி. 2019-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பரீட்சை. அது 2022-ல் வெளியாயிற்று. மலம் கொடுக்க அவர்கள் யாரைத் தேடிப் போனார்கள் தெரியுமா? கிராமத்து மனிதர்களை! டப்பா உணவும், அடிக்கடி ஆன்டிபயாட்டிக்கும் பழகிய பட்டணத்துக் குடலைவிட, கிராமத்துக் குடலில் கிருமிகளின் வகை அதிகம் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

அதோடு நிற்கவில்லை. கிருமியைக் கொடுத்தால் மட்டும் போதுமா? அதற்குத் தீனி வேண்டாமா? நோயாளிகளின் சாப்பாட்டையும் மாற்றினார்கள். வெள்ளைச் சர்க்கரை, டப்பாவில் அடைத்த பண்டம், கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் எல்லாம் நிறுத்தம். பழமும் காய்கறியும் அதிகம். வாரம் ஒன்றாக ஏழு தடவை கரைசல் கொடுத்தார்கள்.

இப்படிக் கிருமியும் சாப்பாடும் மாறிய 35 பேரில் 21 பேருக்கு, 8 வாரத்தில் நோய் அடங்கியது. வழக்கமான மருந்து மட்டும் சாப்பிட்ட 31 பேரில் 10 பேருக்கு அடங்கியது. பிறகு கரைசலை நிறுத்திவிட்டு, புதுச் சாப்பாட்டை மட்டும் தொடர்ந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, கால்வாசிப் பேருக்குக் குடல் ஆறிய நிலையிலேயே இருந்தது.

வீட்டில் செய்யாதீர்கள்!

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலேயே எனிமாக் குழாயை எடுத்துவிடப் போகிறீர்கள்! வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

2019-ல் அமெரிக்காவில் ஒரு துயரம் நடந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த இரண்டு நோயாளிகளுக்கு ஒரே ஆளுடைய மலத்தைக் கொடுத்தார்கள். அதில் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கோலிக் கிருமி இருந்தது. முன்கூட்டி அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் ரத்தத்தில் கிருமி ஏறியது. ஒருவர் இறந்து போனார்.

அதன் பிறகு சட்டதிட்டம் கடுமையாகிவிட்டது. மலம் கொடுப்பவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மலத்தில் பூச்சி முதல் சாதாரண மருந்துக்கு அடங்காத கிருமி வரை தேடுகிறார்கள். சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவரைச் சேர்ப்பதில்லை. கொடுக்க வருபவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அமெரிக்க அரசு 2022-லும் 2023-லும் மலக் கிருமியிலிருந்து செய்த இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அவை ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கொடிய பேதிக்கு மட்டும். பெருங்குடல் புண்ணுக்கு அல்ல. புண்ணுக்கு இது இன்னும் பெரிய ஆஸ்பத்திரிகளில், தேர்ந்த டாக்டர்கள் கையில் நடக்கும் காரியம்தான்.

"தயிரிலும் நல்ல கிருமி இருக்கிறதாமே, தயிர் சாப்பிட்டால் போதாதா?" என்று பாட்டி கேட்பாள். நியாயமான கேள்விதான். தயிரில் உள்ள கிருமி நல்லதே. ஆனால் அது பெருங்குடல் புண்ணை ஆற்றும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. 2009-ல் இந்திய ஆஸ்பத்திரிகளில் எட்டு வகைக் கிருமி கலந்த ஒரு பொடியைப் பரீட்சை செய்து, பலன் கண்டார்கள். ஒரு வேளைக்கு எத்தனை கிருமி தெரியுமா? 3.6 லட்சம் கோடி! தினம் இரண்டு வேளை! கடையில் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் ஏதோ ஒரு மாத்திரையும் அதுவும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. எந்தக் கிருமி, எத்தனை என்பதுதான் கணக்கு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "இயற்கை வைத்தியம் வந்துவிட்டது" என்று சொல்லி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுவது. நான் மேலே சொன்ன டெல்லிப் பரீட்சையில்கூட, நோயாளிகளை டாக்டர்கள் தங்கள் கண் முன்னேயே வைத்திருந்தார்கள். தானாக மருந்தை நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும்.

பங்காளி நோயின் பாடு

கிரோன் நோயில் கிருமி வைத்தியம் இந்த அளவுக்கு முன்னேறவில்லை. அதிலும் ஒரு துப்புக் கிடைத்திருக்கிறது. 2008-ல் பாரிஸ் டாக்டர் ஹாரி சோக்கோல், குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த கிரோன் நோயாளிகளைப் பார்த்தார். "பீக்காலிபாக்டீரியம்" என்ற ஒரு கிருமி குறைவாக இருந்தவர்களுக்கு, ஆறே மாதத்தில் நோய் திரும்பியது அதிகம். (முழுப் பெயரைச் சொன்னால் உங்களுக்கு மூச்சு வாங்கும்!) பியூட்டிரிக் அமிலம் தயாரிப்பதில் கெட்டிக்காரக் கிருமி இது. இதை மாத்திரையாக்கிக் கொடுக்க முடியுமா என்று பார்த்து வருகிறார்கள். காற்றுப் பட்டால் செத்துவிடும் வகை என்பதால் கூட்டில் அடைப்பதே பெரும்பாடு.

குழந்தைகளுக்குக் கிரோன் வந்தால், சாப்பாட்டை வைத்தே ஒரு வைத்தியம் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் வரை சோறு, இட்லி, பிஸ்கட் எதுவும் கிடையாது. எல்லாச் சத்தும் அளந்து சேர்த்த ஒரு பானம் மட்டுமே ஆகாரம். குழந்தைக்கும் கஷ்டம், அதைவிடத் தாய்க்குக் கஷ்டம். ஆனால் பல குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்குகிறது. அந்த வாரங்களில் குடலின் கிருமிக் கூட்டமே மாறிவிடுகிறது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

மலத்தில் ரத்தம் இரண்டு மூன்று வாரமாகத் தொடர்ந்து போனால், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், காரணம் இல்லாமல் எடை குறைந்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். குடல் டாக்டரிடம் போங்கள். ரத்தம் அதிகமாகப் போனால் வாரக் கணக்குப் பார்க்காமல் அன்றே போங்கள். முதலில் மலத்தைச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் மெல்லிய குழாய் விட்டு உள்ளே பார்த்து, சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். ஏற்கெனவே பெருங்குடல் புண் இருப்பவர்கள், எட்டு வருஷம் ஆகிவிட்டால், நோய் அடங்கி இருந்தாலும்கூட குழாய்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்து கொள்ள வேண்டும். நாள்பட்ட புண்ணில் புற்றுநோய் வருவது உண்டு. தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால் வெட்டி எடுத்துவிடலாம்.